2007-இல் பிறந்த தரை

இந்தியாவில் இன்றும் குழம்பு கக்கும் எரிமலை அந்தமான் கடலில், பாரன் தீவில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 140 கி.மீ. தூரம். 1787-இல் அது புகைவதைக் கப்பலில் போனவர்கள் எழுதி வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அடங்கியது, 1991-இல் மறுபடி விழித்துக்கொண்டது. ஆனால் சுற்றுலா போகிறவர்கள் அங்கே கரையிறங்க முடியாது. கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எரிமலைத் தீவு ஒன்றைக் காலால் மிதித்து, கையால் தொட்டுப் படிக்க வேண்டுமானால் இன்னும் தொலைவு போக வேண்டும். இந்த அத்தியாயத்துக்காக நாம் போகிற இடம் ரியூனியன். சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 4,600 கி.மீ. தள்ளி, மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் பிரெஞ்சுத் தீவு. பரப்பளவு 2,512 சதுர கி.மீ. அங்கே ஜீப் வைத்து, வழிகாட்டியோடு எரிமலையைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் பயணம் அன்றாடத் தொழில்.

அந்தத் தீவைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமும் உண்டு. 1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்கள் வழியாக லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ராமசாமி, வீராசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் இன்று அங்கே பிரெஞ்சு எழுத்தில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. பேச்சிலிருந்து தமிழ் போய்விட்டது. தீமிதியும் காவடியும் போகவில்லை, தட்டில் முருங்கைக்கீரையும் இருக்கிறது. மனிதர்களின் உறவு இவ்வளவு. பாறைகளின் உறவு இதைவிட மிகப் பழையது. அதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

விடியும் முன்னே ஏன்?

ஜீப் கடற்கரை ஊரிலிருந்து இருட்டோடு கிளம்பிவிடும். வெயில் ஏறினால் மலைச்சரிவு சூடாகும், சூடான காற்று கடலின் ஈரத்தை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறும், மேலே குளிர்ந்து மேகமாகும். முற்பகலிலேயே பல நாட்களில் உச்சி மறைந்துவிடும். எனவே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடிகாரத்தைவிட மேகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தீவே இரண்டு எரிமலைகளால் ஆனது. மூத்தது பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர். அது ஓய்ந்து பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாகின்றன. இளையது தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 150-க்கும் மேற்பட்ட முறை வெடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் உயரம் இவ்வளவு என்றாலும், தீவின் அடிவாரம் கடலுக்குள் 4,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடலடியிலிருந்து அளந்தால் இது ஏறத்தாழ 7,000 மீட்டர் மலை.

சாலை 1,600 மீட்டர் உயரத்தில் பூர்க்-மியூரா என்ற சிற்றூரைத் தொடும். மாட்டுப் பண்ணைகள், பனிமூட்டம், புல்வெளி. எரிமலை ஆய்வகம் இருப்பதும் இங்கேதான். அதைத் தாண்டி ஏறினால் கொமர்சோன் என்ற ஆழமான பழைய எரிமலை வாய் ஒன்று வரும். 1771-இல் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயர் அது. மழைக் கணக்கில் இந்த இடத்துக்கு உலக சாதனை இருக்கிறது. 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது மூன்றே நாளில் இங்கே 3,930 மில்லிமீட்டர் கொட்டியது. பக்கத்து ஃபோக்-ஃபோக் பீடபூமியில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர்.

இந்த எண்கள் நம் காதில் எப்படி விழ வேண்டும்? 2015 டிசம்பர் முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் நடுவே தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அதற்கே அடையாறு கரை மீறியது, சென்னைப் புறநகரில் முடிச்சூரும் அனகாபுத்தூரும் தண்ணீரில் நின்றன. ஃபோக்-ஃபோக் கணக்கு 182 சென்டிமீட்டருக்கும் மேல். ஆனாலும் இளைய எரிமலையின் புதுக் குழம்புப் பரப்பில் பெரிய ஆறு எதையும் காண முடியாது. புதுப் பாறை முழுக்க வாயுக் குமிழிகள் விட்டுப்போன துளைகளும், குளிரும்போது விட்ட வெடிப்புகளும். விழுகிற மழையைத் தரை அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. மூத்த எரிமலைப் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஆறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து, மஃபாத், சிலாவோஸ், சலாசி என்ற மூன்று மாபெரும் பள்ளங்களைக் குடைந்துவிட்டன. 2010-இல் யுனெஸ்கோ இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மணல் இல்லாத மணல்வெளி

ஒரு விளிம்பில் சாலை சட்டென்று கீழே இறங்குகிறது. தார் முடிந்து, குண்டும் குழியுமான பாதை. ப்ளேன் தே சாப்ல் எனப்படும் மணல்வெளி, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பும் துருநிறமும். மரம் இல்லை. ஜீப் தடத்தை விட்டு விலகக்கூடாது. இது தேசியப் பூங்கா, ஒரு சக்கரத் தடம் அழிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தியதும் ஒரு கை அள்ளிப் பார்க்கலாம். பெயர்தான் மணல். கையில் இருப்பவை உளுந்து முதல் சுண்டைக்காய் அளவுவரை உள்ள உடைந்த எரிமலைத் துகள்கள். எடையே இல்லை. பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் துளைகள். ஆழத்தில் குழம்போடு கரைந்திருந்த வாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து குமிழியாகப் பிரியும். குழம்பு காற்றில் தெறித்து, குமிழி வெளியேறும் முன் உறைந்துவிட்டால் துளை அப்படியே தங்கிவிடும். புதுத் துகள் கறுப்பு. உள்ளிருக்கும் இரும்பு சூட்டிலேயே காற்றைப் பிடித்துத் துருப்பிடித்தது சிவப்பு. சில துண்டுகளில் பாசிப்பயறைவிடச் சிறிய பச்சைக் கண்ணாடிப் பொட்டுகள் மின்னும். அவை ஆலிவின் படிகங்கள். குழம்பு பூமிக்குள் இருந்தபோதே முதலில் உறைந்து, குழம்போடு சேர்ந்து மேலே வந்துவிட்டவை.

இடிந்து இறங்கிய உச்சி

மணல்வெளியைக் கடந்தால் 2,311 மீட்டரில் பா த பெல்கோம்ப். வண்டி இதற்கு மேல் போகாது. எதிரே தரை செங்குத்தாக அறுந்து, கீழே பல கிலோமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்புப் பள்ளம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை உள்வாங்கியதால் உண்டான பள்ளம் இது. நடுவில் எழுந்து நிற்பதுதான் உயிருள்ள கூம்பு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் பள்ளத்தின் தரை. அங்கே முதலில் எதிர்ப்படுவது ஃபார்மிகா லியோ என்ற சிறிய சிவப்புக் கூம்பு. அதற்குப் பிறந்த ஆண்டே உண்டு: 1753.

இங்கே நின்று கேட்க வேண்டிய கேள்வி, எரிமலை வெடிக்கும் இடத்தில் மனிதர்கள் எப்படி இவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்பது. குழம்பில் சிலிக்கா எவ்வளவு என்பதில் விடை இருக்கிறது. சிலிக்கா கூடினால் குழம்பு இறுகும், வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி மலையே சிதறும். 1883-இல் கிரகட்டோவாவில் நடந்தது அதுதான். ரியூனியனின் குழம்பு பசால்ட் வகை, சிலிக்கா ஐம்பது விழுக்காட்டுக்குள். 1,150 டிகிரி செல்சியஸ் அளவில் அது இளகி ஓடும். வாயு எளிதில் பிரியும். வெடிப்பைவிட வழிதல் அதிகம்.

எரிமலை முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. உள்ளே குழம்பு சேரும்போது மலை சில சென்டிமீட்டர் உப்பும், செயற்கைக்கோள் நிலைகாட்டிகள் அதை அளந்துவிடும். பிறகு பாறையைப் பிளந்துகொண்டு குழம்பு ஏறும்போது சிறு நிலநடுக்கங்கள் கொத்தாக வரும். சில நேரம் நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் அவகாசம். உடனே பள்ளத்தின் வாசல் பூட்டப்படும்.

2007 ஏப்ரலில் நடந்தது இந்த அளவில் அடங்காதது. ஏப்ரல் 2-ஆம் தேதி, உச்சியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, வெறும் 590 மீட்டர் உயரத்தில் சரிவு பிளந்தது. உச்சிக்கு அடியில், கடல்மட்ட அளவில் இருந்த குழம்புத் தேக்கம் அந்தத் தாழ்ந்த துளை வழியாக வேகமாக வடிந்தது. தேக்கம் காலியானால் அதன் கூரையைத் தாங்குவது எது? சில நாட்களில் உச்சியின் தொலோமியூ வாய் உள்ளே இறங்கத் தொடங்கியது. ஒரே அடியாக அல்ல. தவணை தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிலநடுக்கம். முடிந்தபோது வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் கீழே போயிருந்தது. கருவிகள் சூழ்ந்திருக்கும்போது ஓர் எரிமலை வாய் இடிந்து இறங்குவதை அறிவியல் உலகம் பார்த்த சில தருணங்களில் இது ஒன்று.

ஆண்டு எழுதிய பாறை

மதியத்துக்கு மேல் ஜீப் மலையிறங்கிக் கிழக்குக் கரைக்கு வரும். கிரான் ப்ரூலே என்ற சரிவு வழியாகக் குழம்பு கடலுக்குப் போகும். குறுக்கே தேசிய நெடுஞ்சாலை. சாலையோரம் பலகைகள்: 2001, 2002, 2004, 2005, 2007. ஊர்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் குழம்பு வந்த ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் சாலை புதைகிறது, பாறை ஆறியதும் மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள். 2007-இன் குழம்பு சில இடங்களில் பல பத்து மீட்டர் தடிமன். மழை பெய்தால் அதிலிருந்து பல ஆண்டுகள் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பாறை வெப்பத்தை அவ்வளவு மெதுவாகத்தான் கடத்தும்.

பக்கத்துப் பக்கத்துப் பாறைகளே வேறு வேறு. ஒன்று வழவழப்பாக, மேல்தோல் மடிந்து முறுக்கிக் கிடக்கும். மற்றொன்று செருப்பைக் கிழிக்கும் கரடுமுரடு. இரண்டும் ஒரே குழம்புதான். மெதுவாக, சூடு குறையாமல் வழிந்தால் மேல்தோல் முழுசாக நிற்கும். வேகமாக, ஆறிக்கொண்டே இறங்கினால் தோல் உடைந்து நொறுங்கும். சில ஓட்டங்களில் மேல் ஓடு இறுகி, அடியில் குழம்பு குழாயாக ஓடி வடிந்திருக்கும். 2004 ஓட்டத்தில் அப்படி உண்டான சுரங்கங்களுக்குள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வழிகாட்டியோடு நுழையலாம்.

இன்னும் வியப்பு, உயிர். முதலில் ஒட்டுவது ஒரு சாம்பல்நிறக் கற்பாசி. காற்றில் வரும் வித்துகளால் ஓரிரு ஆண்டுகளில் முளைத்து, கறுப்புப் பாறைக்கு நரை போடுகிறது. பாறையின் வெடிப்பில் அடுத்துப் பெரணி வரும், அதற்குப் பின்னால் சிறு மரம். பழைய பலகைக்கும் புதுப் பலகைக்கும் நடுவே நடந்தால், வெறும் பாறை காடாகும் வழி முழுவதையும் ஓர் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

வடக்கே போனால் பித்தோன் செந்த்-ரோஸ் என்ற ஊர். 1977 ஏப்ரலில் எரிமலை தன் வழக்கமான பள்ளத்துக்கு வெளியே பிளந்து, குழம்பு ஊருக்குள்ளேயே வந்தது. மக்கள் வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின. தேவாலயத்தின் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஒதுங்கி நின்றது. பக்தர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். அரசு செய்த காரியம் வேறு: இரண்டே ஆண்டில், 1979-இல், பூர்க்-மியூராவில் ஆய்வகம் வந்துவிட்டது.

தக்காணத்தின் கடைக்குட்டி

கடல் நடுவில், தட்டுகளின் விளிம்புக்கு அப்பால், இங்கே மட்டும் ஏன் நெருப்பு? பூமியின் ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் சூடு எழுந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் கிடக்கும் ஓட்டுத் தட்டு நகர்கிறது. கைத்தறி பார்த்த அனகாபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் நெய்யும் இடம் நகராது, நெய்த துணிதான் படமரத்தில் சுருண்டு விலகும். முதலில் நெய்தது தள்ளிப் போயிருக்கும், இப்போது நெய்தது கைக்கருகில் இருக்கும்.

இந்தச் சூடு முதலில் நெய்த துணி நம் நாட்டில் இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே விரைந்துகொண்டிருந்த இந்தியா இதன்மேல் வந்தபோது குழம்பு வெள்ளமாகப் பாய்ந்தது. மகாராஷ்டிரத்தின் படிக்கட்டு மலைகள், அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்த பாறை, எல்லாம் அது. இன்றும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் மிஞ்சியிருக்கிறது. இந்தியா மேலும் வடக்கே நகர, அதே சூடு லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளத்தை வரிசையாக இட்டது. பிறகு மொரிஷியஸ். கடைசியில் ரியூனியன்.

மொரிஷியஸில் இன்னொரு செய்தி கிடைத்தது. அங்கே 60 லட்சம் ஆண்டு வயதுள்ள எரிமலைப் பாறைக்குள் இருந்த சிர்கான் படிகங்கள் 300 கோடி ஆண்டுவரை பழையவை என்று 2017-இல் லூயிஸ் ஆஷ்வால் குழுவினர் காட்டினார்கள். எரிமலைக்கு அடியில் மடகாஸ்கர், இந்தியா பிரிந்தபோது உடைந்த பழங்கண்டத் துண்டு ஒன்று புதைந்து கிடக்கிறது, மேலேறிய குழம்பு அதைச் சுரண்டிக்கொண்டு வந்தது என்பது அவர்கள் விளக்கம்.

உடனே குமரிக்கண்டம் என்று சொல்லத் தோன்றும். கூடாது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். நம் மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ மூன்று லட்சம். லெமூரியா என்ற பெயரே 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க வைத்துக்கொண்ட ஊகம். கடலுக்கடியில் பாறைத் துண்டு இருப்பது உண்மை. அதன்மேல் சங்கம் வைத்து யாரும் தமிழ் வளர்க்கவில்லை.

வெளியே வராத நெருப்பு

அந்தச் சிர்கான்களின் காலத்தை ஒட்டிய பாறை நமக்கு மிக அருகில் இருக்கிறது. அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம், திரிசூலம் வட்டாரத்து மலைகளும் குவாரிகளும் சார்னோகைட் பாறை. வீடு கட்டுகிறவர்களுக்கு அது வெறும் கருங்கல் ஜல்லி, புளூ மெட்டல். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பெயர் வந்தது ஒரு கல்லறைக் கதை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தக் கல்லை ஆராய்ந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார்.

உடைத்த புதுமுகத்தைப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் நீலமும் பச்சையும் கலந்த கருமை. உள்ளே குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைபர்ஸ்தீன். ரியூனியன் பசால்ட்டில் ஆலிவின் பொட்டுகளைத் தவிர மணிகள் கண்ணுக்குத் தெரியாது, சட்டென்று ஆறியதால் வளர நேரமில்லை. சார்னோகைட்டில் மணிகள் பளிச்சென்று தெரியும். 20 முதல் 30 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில், தண்ணீர்ப் பசையே இல்லாத நிலையில் வெந்து, மிக மெதுவாக ஆறிய பாறை அது. இறுக்கமும் அதனால்தான். துளை இல்லை, மழையை உறிஞ்சாது. கைவிட்ட குவாரிகள் ஏரிகளாக நிற்கின்றன. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சென்னை குடித்தது.

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது இன்று பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றால், மேலே கிடந்த இருபது கிலோமீட்டர் பாறையும் கரைந்து கடலுக்குப் போய்விட்டது என்று பொருள். ரியூனியனில் 2007-இல் பிறந்த தரை ஒரு முனை, இது மறுமுனை. மேலே வந்த நெருப்பைத் தீவு காட்டுகிறது. வெளியே வராமலே அடங்கிய நெருப்பு எப்படி இருக்கும் என்பதைப் பல்லாவரம் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தரை எப்படி உண்டாகிறது என்பது விளங்கும்.

ரியூனியனில் ஒவ்வொரு குழம்போட்டத்துக்கும் பலகை இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் படிக்க எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது. நம்மிடம் உள்ள பரங்கிமலைச் சார்னோகைட்டைப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. தாம்பரம் மாநகராட்சி கைவிட்ட குவாரிகளில் ஒன்றையாவது குப்பை கொட்டாமல் காத்து, அதன் வெட்டுமுகத்தில் ஒரு தமிழ்ப் பலகை வைக்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். தீவுக்குப் போக விமானச் சீட்டு வேண்டும், பரங்கிமலைக்கு மின்சார ரயில் போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். பாறையைத் தொட்டுப் பாருங்கள், உடைத்து எடுக்காதீர்கள்.